நானூற்றுப் பதினேழு வீடு பார்த்த பசு

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், சொன்னால் அங்கே கிரவுண்டு என்ன விலை என்று அடுத்த கேள்வி கேட்பீர்கள், ஒரு முள்ளம்பன்றித் தம்பதி இருந்தார்கள். புருஷன் பெயர் தனுஷ்கோடி. பெண்டாட்டி பெயர் வடிவு.

அந்தக் காட்டுக்கு நடுவில் நடுக்காடு என்று ஓர் இடம். ஆபீஸ், கடைகண்ணி, ஆஸ்பத்திரி எல்லாம் அங்கேதான். ஆனால் அங்கே வேலை பார்க்கிற எவனும் அங்கே குடியிருக்க முடியாது. நல்ல குகை, நல்ல மரம், நல்ல நிழல் எல்லாவற்றையும் சிங்கங்கள் முப்பாட்டன் காலத்திலேயே வளைத்துப் போட்டுவிட்டன. மற்ற ஜீவன்கள் எல்லாம் சுற்றுவட்டாரத்தில் எங்காவது ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, காலையில் உள்ளே ஓடி, சாயங்காலம் வெளியே ஓடி வந்தன. ஓடுகிற நேரம் போக மிச்சமிருக்கிற நேரத்துக்கு வாழ்க்கை என்று பெயர் வைத்திருந்தன.

தனுஷ்கோடிக்கு நடுக்காட்டில் பெரிய ஆபீசில் வேலை. ஃபைலுக்கு ஓட்டை போடுகிற பிரிவு. ஃபைல் மேல் முதுகைக் காட்டி ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் நாற்பது ஓட்டை விழும். வேண்டியது இரண்டுதான். பரவாயில்லை, அரசாங்க வேலையில் அதையெல்லாம் யார் எண்ணுகிறார்கள்.

தம்பதி இருந்தது தனுஷ்கோடியின் அண்ணன் வீட்டுப் பொந்தில். ஒரே அறை, எட்டு முள்ளம்பன்றி. ஒருவர் புரண்டு படுத்தால் ஏழு பேர் அலறுவார்கள். இதில் வடிவு உண்டாகியிருந்தாள். அண்ணி கெட்டவள் இல்லை. ஒரு நாள் வடிவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ பிள்ளை பெத்தா சந்தோஷந்தான் வடிவு. ஆனா எங்க பெத்துப் போடுவே, நீயே சொல்லு" என்று கேட்டாள். வடிவு சுற்றிப் பார்த்தாள். மண்ணே தெரியவில்லை, எங்கு பார்த்தாலும் முள்தான் தெரிந்தது. அன்று அவள் சாப்பிடவே இல்லை.

வைத்தியர் ஆடி மாதம் என்று நாள் சொல்லியிருந்தார். ஆனியிலும் ஆடியிலும் எவனும் புது வீடு குடி போக மாட்டான். ஆக, வைகாசி முடிவதற்குள் ஒரு வீடு பார்த்துப் பால் காய்ச்சியாக வேண்டும். இல்லையென்றால் அந்த எட்டு பேர் முள்ளுக்கு நடுவில்தான் குழந்தை விழும்.

"எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?" என்று தனுஷ்கோடி ஆபீசில் கேட்டான். கேட்டிருக்கவே கூடாது. வடக்கே இருக்கிற குரங்கு வடக்கைப் போல வராது என்றது. தெற்கே இருக்கிற ஆமை, தெற்குதான் வளர்கிற ஏரியா என்றது. மேற்கே இருக்கிற கரடி, மேற்கில் ஒரே காற்று, காற்றுக்கே காசு கொடுக்கலாம் என்றது. எல்லோரும் தாங்கள் இருக்கிற ஏரியாவைத்தான் சொன்னார்கள். அவனவன் ஏமாந்த இடத்துக்கு இன்னொருத்தன் வந்து சேர்ந்தால் ஒரு ஆறுதல், வேறென்ன?

சரி என்று ஒரு புரோக்கரைப் பிடித்தார்கள். புரோக்கர் ஓணான். தண்ணி வருமா அண்ணே என்றால் தலையை ஆட்டியது. பஸ் இருக்கா என்றால் ஆட்டியது. மழைக்கு ஒழுகாதே என்றாலும் ஆட்டியது. மூன்று நாள் கூடவே அலைந்த பிறகுதான், எதுவும் கேட்காதபோதும் அது ஆட்டிக்கொண்டேதான் இருக்கிறது என்று வடிவு கண்டுபிடித்தாள்.

வாடகைக்கும் பார்த்தார்கள். வீட்டுக்கார நத்தை இருவரையும் ஏற இறங்கப் பார்த்தது. "நீங்க ரொம்ப நல்லவங்கதான். ஆனா எங்க வீட்டுல சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. நீங்க சாஞ்சாலே அறுபது ஆணி" என்று கதவைச் சாத்திக்கொண்டது.

அப்போதுதான் அண்ணி சொன்னாள். "நம்ம பேபியக்காவைக் கேளுங்க. இந்தக் காட்டுல அவங்க கால் வைக்காத வீடு கிடையாது."

பேபியக்கா ஒரு பசு. கிரகப்பிரவேசத்துக்குப் போகிற பசு. உங்களுக்கே தெரியும், புது வீட்டுக்குள் முதலில் பசுதான் நுழைய வேண்டும், அப்புறந்தான் வீடு வாங்கியவன். பேபியக்கா நுழைந்த வீடுகள் அன்றைய தேதிக்கு நானூற்றுப் பதினாறு. போகிற இடமெல்லாம் "மகாலட்சுமி வந்துட்டா" என்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கழுத்து மணியைக் கழற்றிவிட்டு செல்போன் மாட்டியிருந்தாள். முகூர்த்த நாளில் அது அடித்தபடியே இருக்கும்.

தனுஷ்கோடிக்குத் தலைகால் புரியவில்லை. "நானூத்திப் பதினாறு வீடு! இந்தக் காட்டுல எந்த என்ஜினீயர் பார்த்திருக்கான்?"

"அவங்க குடியிருக்கறது எங்கன்னு கேட்டீங்களா?" என்றாள் வடிவு.

"டாக்டர்கிட்டப் போயி, உங்களுக்கு இந்த வியாதி வந்திருக்கான்னு கேப்பியா? சும்மா வா."

போனார்கள். பேபியக்கா பெரிய மனுஷி, பிகு இல்லாமல் பேசினாள்.

"நியூ எக்ஸ்டென்ஷன் போயிடுங்க தம்பி. கண்ணை மூடிக்கிட்டுப் போயிடுங்க."

நியூ எக்ஸ்டென்ஷன் என்பது மேற்கே, காடே முடிந்து மனசு மாறி மறுபடியும் ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது. ஒரு காட்டுப்பன்றி, பெயர் வேதமூர்த்தி, வரிசையாக வளை தோண்டி விற்றுக்கொண்டிருந்தான்.

"தண்ணி எப்படிக்கா?" என்றாள் வடிவு.

"தண்ணியா! வாளி வாளியா ஊத்தி என் காலைக் கழுவுனாங்கம்மா. தொட்டி ரொம்பி வழியுது."

"நடுக்காட்டுக்கு ரொம்ப தூரமாச்சே?" என்றான் தனுஷ்கோடி.

"என்ன தூரம்? யானைக்குட்டி மேல ஏறி நின்னேன், இருபது நிமிஷத்துல இறங்கிட்டேன். வழியில ஈ காக்கா இல்ல."

"கரண்டு?"

"வீடு பூரா சீரியல் செட்டு போட்டு ஜெகஜோதியா இருக்கு."

"அக்கம்பக்கம்?"

பேபியக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "அந்த மாதிரி ஜனங்க எங்கயும் கிடையாதும்மா. விடியக்காலம் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, தலைநிறைய பூ வெச்சுக்கிட்டு, சிரிச்ச முகமா வாசல்ல நிக்கறாங்க. ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் என் முதுகைத் தொட்டுக் கும்பிட்டாங்க. பொங்கல்ல முந்திரி கையை விட்டா தட்டுப்படுது."

"கிழக்குப் பக்கம் எப்படிக்கா?" என்று வடிவு கேட்டாள். "அங்க ஆறு ஓடுதுன்னு சொல்றாங்களே."

"ஐயையோ, அந்தப் பக்கமே போகாதீங்க. ஒரு வீட்டுல எனக்குக் குடுத்த வாழைப்பழம் அழுகல்."

கிழக்கில் ஆறு ஓடியது உண்மை. அங்கிருந்து நடுக்காட்டுக்கு நடந்தே போகலாம் என்பதும் உண்மை. ஆனால் பழம் அழுகலாமே! தனுஷ்கோடி கிழக்கை அந்த இடத்திலேயே தலைமுழுகினான்.

பேபியக்கா ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவள் பார்த்ததைத்தான் சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் அவள் இருந்தது அரை மணி நேரம். அதுவும் முதல் நாள், முகூர்த்த நேரத்தில், விடிவதற்கு முன்னால். அந்த நேரத்தில் நரகத்துக்குப் போனாலும் ரோடு காலியாகத்தான் இருக்கும்.

வைகாசி கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார்கள். சேர்த்து வைத்திருந்த கிழங்கையெல்லாம் வேதமூர்த்தியிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்தும் போட்டாயிற்று. எல்லாம் பேபியக்கா சொன்ன மாதிரியே நடந்தது. காலனி கேட்டில் கொக்கு ஒன்று வாட்ச்மேன் உடுப்பில் சல்யூட் அடித்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் பாய்ந்தது. விளக்கு எரிந்தது. பக்கத்து வளைக் கௌதாரி மாமி பட்டுப்புடவையில் வந்து, "எதுன்னாலும் கூப்பிடு வடிவு, நான் ஒருத்தி இருக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பேபியக்கா நடையில் ஏறி, முகப்பில் நின்று, பொங்கல் தின்று, போகிற போக்கில் கூடத்தில் சாணியும் போட்டாள். அது ரொம்ப ராசி என்று வேதமூர்த்தி கன்னத்தில் போட்டுக்கொண்டான். அடுப்பில் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. வடிவு வயிற்றைத் தடவிக்கொண்டு, "உனக்கு இடம் கிடைச்சிருச்சு" என்றாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏழு மணிக்குப் பேபியக்கா கிளம்பினாள். ஏழு ஐந்துக்கு வடிவு பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தாள். உஸ் என்று காற்று வந்தது.

காற்றுதான் வந்தது, அன்றைக்கும், மறுநாளும், அதற்கு அடுத்த வாரமும். விளக்கு போனது போனதுதான். பட்டுப்புடவைகள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன, கதவுகள் சாத்திக்கொண்டன. தனுஷ்கோடி ஆபீசுக்குப் புறப்பட்டால் வழியில் ஒற்றை மரப்பாலம். அங்கே மரவட்டைகள் கடப்பதற்கு சிக்னல் போட்டிருந்தார்கள். ஒரு மரவட்டை கடந்து முடிப்பதற்கு அதன் எல்லாக் காலும் கடக்க வேண்டும். போக இரண்டரை மணி, வர மூன்று மணி. வீட்டுக்கு வந்ததும் அவன் படுத்துவிடுவான். படுத்ததும் விடிந்துவிடும்.

"மாமி, உங்களுக்குத் தண்ணி வருதா?" என்று வடிவு பக்கத்து வளையில் கேட்டாள்.

கௌதாரி மாமி அப்போது ஒரு இலையில் இருந்த பனித்துளியை நக்கிக்கொண்டிருந்தாள். "எங்களுக்கா? பேஷா வருதே" என்றாள். மாமி தன் வளையை விற்றுவிட்டுப் போக நான்கு வருஷமாக ஆள் தேடிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இல்லை என்று வாயைத் திறந்தால் எவன் வாங்குவான்? அந்தக் காலனியில் அத்தனை பேரும் இப்படித்தான் பேஷாகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

வேதமூர்த்தியிடம் போனால் படிவம் கொடுத்தான். தண்ணீர் வரவில்லை என்று புகார் செய்ய, வராத தண்ணீரைக் கால் லிட்டர் மாதிரிக்குக் கொண்டுவந்து இணைக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. வடிவு படிவத்தைக் கடித்துத் தின்றுவிட்டாள். அவளுக்கு அப்போது மண், சாம்பல், காகிதம் எல்லாம் தின்கிற மசக்கை வேறு இருந்தது.

ஆனி ஓடிவிட்டது. ஆடி பிறந்தது. குழந்தை உள்ளே புரள ஆரம்பித்தது. தண்ணீர் இல்லாமல் பிரசவம் பார்க்க எந்த மருத்துவச்சியும் வர மாட்டேன் என்றாள். அண்ணன் பொந்துக்குத் திரும்பலாம் என்றால், அங்கே இவர்கள் காலி பண்ணின இடத்தில் அண்ணியின் தம்பி வந்து படுத்திருந்தான். வடிவுக்குப் பயம் வந்தது. நிஜமான பயம். புருஷனை எழுப்பி, "ஏங்க, குழந்தை செத்துப் போயிடுமோ?" என்று கேட்டாள். அவனும் அழுதான்.

மறுநாள் காலையில் வடிவு கேட்டுக்குப் போனாள். வாட்ச்மேன் கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. எதன் மேல் நிற்கிறது என்று அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தாள். தண்ணீர் வால்வின் மேல் நின்றது.

"ஏன்யா, இதைத் திறந்தா தண்ணி வருமா?"

"வருமே" என்றது கொக்கு. "தொட்டி நிறையத் தண்ணி இருக்கு."

"அப்ப திறக்க வேண்டியதுதானே!"

"ஆர்டர் இல்லம்மா." கொக்கு இறக்கைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தது. "மாடு உள்ளே போனால் வால்வைத் திறக்கவும். மாடு வெளியே போனால் மூடவும். விளக்குக்கும் இதே விதி. இப்படிக்கு வேதமூர்த்தி."

"எதுக்குய்யா இப்படி ஒரு ஆர்டர்?"

"கிரகப்பிரவேசத்துக்கு விருந்தாளி வருவாங்கள்ல? அவங்கதானே அடுத்து வளை வாங்கறவங்க. மாடு வந்தா விசேஷம்னு அர்த்தம். அன்னைக்குத் தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம சிரிச்சுக்கிட்டு நிக்கணும்னு சங்கத்துல தனி சர்க்குலரே இருக்கு."

"எனக்குக் குழந்தை பொறக்கப் போகுதுய்யா!"

கொக்கு காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. அதற்கே பாவமாகத்தான் இருந்தது. "குழந்தையைப் பத்தி இதுல ஒண்ணும் போடலையேம்மா" என்றது.

வடிவு அப்படியே நடையைக் கட்டினாள். அந்த வயிற்றோடு, அந்த மரவட்டை சிக்னலையும் தாண்டி, பேபியக்கா கொட்டகைக்குப் போய் நின்றாள். ஆடி மாதம் தொழில் இல்லாத மாதம். பேபியக்கா வைக்கோலில் சாய்ந்து செல்போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருப்பீங்களா நீங்க?" என்று வடிவு பிடித்துக்கொண்டாள். முள்ளெல்லாம் சிலிர்த்துவிட்டது. "தண்ணி வழியுது, இருபது நிமிஷம், தங்கமான ஜனங்கன்னு வாய் கூசாம சொன்னீங்களே!"

பேபியக்கா திகைத்துப் போனாள். "நான் என்னம்மா பொய்யா சொன்னேன்? நான் வந்தப்ப தண்ணி வந்துச்சா இல்லையா?"

"நீங்க போனதும் நின்னுடுச்சே!"

"நான் போன பிறகு நடக்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

"நானூத்திப் பதினேழு வீட்டுல, ஒரு வீட்டுக்காவது திரும்பிப் போய்ப் பாத்திருக்கீங்களா?"

"எதுக்கு?" என்று பேபியக்கா நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "ரெண்டாவது தடவை போனா எவன் பொங்கல் வைப்பான்?"

வடிவு அவளை அப்படியே பார்த்தாள். கோபம் இறங்கியது. அந்த இடத்தில் மூளை ஏறியது. குரலை மாற்றிக்கொண்டாள்.

"சரிக்கா, அதை விடுங்க. நான் வந்தது வேற விஷயம். வெளிய சொல்லாதீங்க. அன்னைக்கு எங்க வீட்டுல பால் பொங்கவே இல்ல."

பேபியக்கா எழுந்து நின்றுவிட்டாள். "என்னது?"

"திரிஞ்சு போச்சு. நான்தான் யாருக்கும் தெரியாம மூடி வெச்சேன். பேபியக்கா கால் வெச்ச வீட்டுல பால் பொங்கலைன்னு ஊர் பேசிடக் கூடாதேன்னு."

பால் பொங்கியது. நான்தான் மேலே சொன்னேனே, மேடையெல்லாம் வழிந்தது என்று. ஆனால் நிறைமாசக்காரியிடம் போய் நியாயம் பேச நான் யார்?

பேபியக்காவுக்கு வியர்த்துவிட்டது. பால் பொங்காத மாடு என்று ஒரு பேர் விழுந்தால் ஆவணியில் ஒரு போன் அடிக்காது. "ஆடியில நான் எந்த வீட்டுப் படியும் மிதிக்கறதில்லையேம்மா" என்று இழுத்தாள்.

"இது புது விசேஷம் இல்லையேக்கா. வைகாசியில ஆரம்பிச்சது, பாதியில நிக்குது. பால் பொங்கினாத்தான் பூஜை முடியும். பூஜை முடியாம மாடு வெளிய வரலாமா, நீங்களே சொல்லுங்க."

வரக் கூடாதுதான். அது அந்தத் தொழிலின் முதல் விதி. பேபியக்கா தலையில் முக்காடு மாதிரி ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

காலனி கேட்டில் மாடு நுழைந்தது. கொக்கு காலை மாற்றி வைத்து, வால்வைத் திறந்து, சல்யூட் அடித்தது. வடிவு வீட்டுக் குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீராகக் கொட்டியது. வடிவு அதன் அடியில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, பால் பாத்திரத்தை ஏற்றி, அடுப்பை சிம்மில் வைத்தாள். சிம்மிலும் சிம், இதோ அணைகிறேன் என்று சொல்கிற அளவு.

பேபியக்கா கூடத்தில் நின்றாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. "ஆச்சாம்மா?"

"இன்னும் ஆடைகூடக் கட்டலைக்கா."

சாயங்காலம் ஆயிற்று. பால் சுண்டிப் பால்கோவா ஆகிவிட்டது. வடிவு அதை ஒரு தட்டில் வழித்துப் பேபியக்காவுக்கே கொடுத்தாள். "பால் தீந்துபோச்சுக்கா. கொஞ்சம் தர முடியுமா?" என்று செம்பை நீட்டினாள். பேபியக்காவும் தந்தாள். மறுபடியும் பாத்திரம் ஏறியது. மறுபடியும் சிம்.

இப்படியாகப் பேபியக்கா, தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு வீட்டின் இரண்டாவது நாளைப் பார்த்தாள்.

விடிந்ததும் கதவைத் தட்டினார்கள். பட்டுப்புடவை எதுவும் இல்லை. தலைவிரி கோலத்தில் முப்பது பேர், ஆளுக்கு நாலு குடம். கௌதாரி மாமி உடும்பின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். உடும்பு மாமியின் பரம்பரையையே இழுத்தது. நாலு வருஷத்துக்குச் சேர்த்து வைத்த தாகம் அல்லவா, ஒருவர் விடாமல் கத்தினார்கள்.

"யாரும்மா இவங்க?" என்றாள் பேபியக்கா நடுங்கிப்போய்.

"அன்னைக்கு உங்க முதுகைத் தொட்டுக் கும்பிட்டாங்களே, அவங்கதான்கா."

மத்தியானம் வேதமூர்த்தி உறுமிக்கொண்டு வந்தான். "யாரைக் கேட்டுடா வால்வைத் திறந்தே? மூடு!" என்று கொக்கிடம் பாய்ந்தான்.

"மாடு உள்ள இருக்குங்களே" என்றது கொக்கு.

"நான் சொல்றேன், மூடு!"

"எழுத்துல குடுத்ததை எழுத்துலதான் மாத்தணும்ங்க. இதுல நடுக்காட்டுப் பெரிய ஆபீஸ் சீல் இருக்கு, புதுசுக்கும் அங்கயே ஒப்புதல் வாங்கிட்டு வந்துடுங்க. எனக்கென்ன, உடனே மூடிடறேன்."

வேதமூர்த்தி எழுதிக் கொடுத்தான். ஃபைல் நடுக்காட்டுக்குப் போனது. மூன்று மேஜை தாண்டியது. நாலாவது மேஜையில் ஃபைலுக்கு ஓட்டை போட வேண்டும். அங்கே தனுஷ்கோடி உட்கார்ந்திருந்தான். அன்று முதல் அவன் முதுகில் ஒரே வலி, குனிந்து நிமிர முடியவில்லை, டாக்டர் சர்டிபிகேட் கூட வைத்திருந்தான். அந்த ஃபைல் இன்னும் ஓட்டை இல்லாமல்தான் இருக்கிறது.

ஆடிப்பெருக்கு அன்று வடிவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வந்தாள். கௌதாரி மாமி வெந்நீர் போட்டாள், அவளுக்கு இப்போது தண்ணீர் பேஷாக வந்ததல்லவா. இரண்டு குட்டி. இரண்டும் பெண். பிறந்த குட்டிக்கு முள் மெத்தென்று இருக்கும், குத்தாது. இரண்டையும் குழாயடியில் வைத்துக் குளிப்பாட்டினார்கள். வடிவு பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, இது என் மண், என் குட்டிகள் விழுந்த மண் என்று வாய்விட்டுச் சொன்னாள். பேபியக்கா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். நானூற்றுப் பதினேழு வீட்டில் ஒன்றில் கூட யாரும் குளித்து அவள் பார்த்ததில்லை. குட்டிகளை ஒரு தடவை நக்கிக் கொடுத்தாள், தேம்பித் தேம்பி அழுதாள்.

அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பால் பொங்கிடுச்சாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லைக்கா" என்றாள் வடிவு.

ஆவணி பிறந்தது. பேபியக்காவின் போன் ஓயாமல் அடித்தது. முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம் வீணாகப் போனது. ஒரு மத்தியானம், யாரும் பார்க்காத நேரம், அடுப்பின் திருகை மூக்கால் தள்ளிப் பெரிதாக்கப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் உடும்பு உட்கார்ந்திருந்தது. காலனிக்காரர்கள் சிம்முக்கு முறைவைத்துக் காவல் போட்டிருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் அந்தத் தெருவில் சண்டையே கிடையாது. முப்பது வீட்டுத் தண்ணீர் அந்தத் திருகில் இருந்தது.

"ஏம்மா, நன்றின்னு ஒண்ணு வேண்டாமா?" என்று பேபியக்கா கேட்டேவிட்டாள். "உன் குழந்தை பொறந்தாச்சு. என்னை விடக் கூடாதா?"

வடிவுக்கும் மனசு சங்கடப்பட்டது. ஆனால் குட்டிகளைக் குளிப்பாட்ட நாளைக்கும் தண்ணீர் வேண்டும், நாளன்றைக்கும் வேண்டும். "மாடு உள்ள இருந்தாத்தான் தண்ணின்னு கொக்குகிட்ட ஆர்டர் இருக்குக்கா. அதுல மாடுன்னுதான் போட்டிருக்கு, பேபியக்கான்னு இல்ல. நாளைக்கே ஒரு மாத்து மாடு வந்து நின்னா, அந்த நிமிஷமே பாலைப் பொங்க விடறேன், நீங்க போகலாம். நானே மாலை போட்டு அனுப்பறேன்."

அன்று சாயங்காலம் ஒரு அணில் தம்பதி வந்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். கிழக்கே ஆற்றங்கரையில் ஒரு மரம் பார்த்திருக்கிறார்களாம், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பேபியக்காவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தேடிக்கொண்டு வந்திருந்தார்கள். கூடத்தில் அவளைப் பார்த்ததும் இரண்டுக்கும் வாயெல்லாம் பல்.

"அக்கா, நீங்களே இங்க குடி வந்துட்டீங்களா!"

பேபியக்கா பெண் அணிலின் வயிறு லேசாக மேடிட்டிருந்ததைப் பார்த்தாள். வாசலில் குடத்துக்கு அடித்துக்கொள்கிற கூட்டத்தைப் பார்த்தாள். அடுப்பில் அடங்கிக் கிடந்த பாலைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு ஏரியாவைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

"பின்னே?" என்றாள். "நானூத்திப் பதினேழு வீடு பாத்தவ, கடைசியில எங்க வந்து நிக்கறேன் பாத்துக்கோங்க. அந்தக் கிழக்கெல்லாம் வேண்டாம் தம்பி. இங்க இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி. பக்கத்து வளை மாமிது, விலைக்கு இருக்கு. நாளன்னைக்கு நல்ல முகூர்த்தம், பாலைக் காய்ச்சிடுங்க."

அணில்கள் ஒன்றை ஒன்று பார்த்துச் சிரித்துக்கொண்டன. "விசேஷத்துக்கு நீங்கதான் வரணும்கா" என்றது பெண் அணில்.

"எனக்கு இங்க பூஜை பாக்கியிருக்கும்மா" என்றாள் பேபியக்கா. அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வரும்போது மறக்காம வேற மாட்டைக் கூட்டிக்கிட்டு வாங்க."

நீதி: நல்ல ஏரியா, கெட்ட ஏரியா என்று எதுவும் கிடையாது. நல்ல ஏரியா என்று சொன்னவரைத் திரும்பிப் போக விட்ட ஏரியா, விடாத ஏரியா என்று இரண்டே வகைதான்.